ஐயாவின் பெயரில் ஒரு குற்றம்

குலசிங்கம் பஸ் தரிப்பிடக் கண்ணாடியில் வாயால் ஊதினார். ஆவி படிந்த இடத்தில் வலது பெருவிரலை அழுத்தி எடுத்து, குனிந்து பார்த்தார். கோடுகள் இல்லாத ஒரு வட்டம்.

"இண்டைக்கும் இல்லை," என்று கையுறையைப் போட்டுக்கொண்டார். கனடாவில், மோர்னிங்சைட்டில் அவரோடு ஒரே கட்டடத்தில் இருக்கும் நான், அந்த மாரி முழுக்க இதைப் பார்த்தேன்.

பத்து வருடம் அட்டைப்பெட்டி மடித்த விரல்கள் அவை. அட்டை ரேகையைத் தின்றுவிட்டது.

எண்பத்தெட்டில், எட்டுப் பேர் இருந்த பேஸ்மென்ட் ஒன்றில், சண்டைக்கு வந்தவனின் தலையில் போத்தலால் அடித்தார். எங்களுக்குத் தகப்பன் பெயர் முன்னால் வரும் என்பது பொலிஸ்காரருக்குத் தெரியாது. அதைச் சொல்லும் ஆங்கிலம் இவரிடம் இல்லை. முதலில் இருந்த பெயரையே குற்றவாளியின் பெயராக எழுதிவிட்டார்கள்.

"கோர்ட்டில பொன்னம்பலம் எண்டு கூப்பிட்டாங்கள். நான் எழும்பி நிண்டன்."

சிறையில் முப்பது நாளும் காலையில் அந்தப் பெயரைத்தான் கூப்பிட்டார்கள். ஒரு காலை இழுத்து இழுத்து நடந்த அவருடைய தகப்பன் பொன்னம்பலம், எண்பத்திரண்டிலேயே சாவகச்சேரியில் இறந்துபோனவர்.

"செத்து ஆறு வருசத்துக்குப் பிறகு ஐயா கனடாவுக்கு வந்து ஒருத்தனுக்கு அடிச்சிருக்கிறார்," என்பார் குலசிங்கம். சிரிக்கமாட்டார். "நான் வெளியில வந்திட்டன். அவர் இன்னும் உள்ளுக்க."

தண்டனை முடிந்து ஐந்து வருடம் ஒழுங்காக இருந்தால் மன்னிப்புக்கு விண்ணப்பிக்கலாம். கிடைத்தால் அந்தக் கோப்பைப் பிரித்தெடுத்துப் பூட்டிவிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலைக்கும் போகலாம். ஆனால் பெயர் வேறாக இருப்பதால், அது தன் கோப்புத்தான் என்று காட்ட விரலடையாளம் ஒன்றே சாட்சி. இரண்டு தரம் அனுப்பினார். தெளிவில்லை என்று இரண்டு தரமும் திரும்பி வந்தது.

பிறகுதான் கையுறை, தேங்காயெண்ணெய் எல்லாம். "என்ன அண்ணை, கலியாண மாப்பிள்ளை மாதிரிக் கையைப் பொத்திக்கொண்டு திரியிறியள்?" என்று வேலையிடத்தில் கேட்டார்கள்.

மனைவி தவமணிக்கு வேறு கவலை. "மூண்டு மாசமா ஒரு கோப்பை கழுவேல்லை. ரேகை வந்தாலும் இந்த மனிசன் இனிக் கழுவாது."

விண்ணப்பம் பற்றி யாராவது தொலைபேசியில் பொன்னம்பலத்தைக் கேட்டால், "ஒரு நிமிசம்," என்று ரிசீவரைக் கீழே வைப்பார். சற்றுப் பொறுத்து எடுத்து, கிழவர் ஒருவரின் தணிந்த குரலில் பேசுவார். அந்த நேரத்தில் தவமணி அறைக்குள் போய்விடுவார்.

பங்குனி முடிவில் ஒருநாள் கண்ணாடியில் கோடுகள் விழுந்தன. இடப்பக்கம் சாய்ந்த, நெருக்கமான சுழி. குலசிங்கம் ஓரடி பின்வாங்கினார்.

"உது ஐயாட விரல்," என்றார்.

மூன்றாந்தரம் அனுப்பியது திரும்பி வரவில்லை. கார்த்திகையில் கடிதம் வந்தது. கட்டட வாசலில், தபால் பெட்டிகளுக்கு முன்னால் என்னிடம் நீட்டினார். மன்னிப்பு வழங்கப்பட்டிருந்தது. பொன்னம்பலம் என்ற பெயரைக் கடைசியாக வாசித்தேன்.

"திரும்ப ஒருக்கா," என்றார். வாசித்தேன்.

கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். வேலைக்கு நேரமாகிவிட்டது. நான் முதலில் வெளியே வந்தேன். அவர் பின்னால் வந்து, கதவைத் தோளால் தாங்கிப் பிடித்தபடி நின்றார். பனிக்காற்று உள்ளே அடித்தது. வாசலில் வேறு யாரும் இல்லை. ஒரு காலை இழுத்து நடப்பவர் படி தாண்டுவதற்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் நின்று, பிறகு கதவை மெல்ல விட்டார்.