எல்லோரிடமும் சொல்கிற வாக்கியம்

வீட்டில் அவளுக்கு 'மண்டை டாக்டர்' என்று பெயர். பாசத்தில் வைத்ததல்ல, குத்திக்காட்ட அப்பா வைத்தது. அவள் டாக்டரே இல்லை, ஆராய்ச்சியாளர். மனநோய் வந்தவர்களையும் வராதவர்களையும் ஸ்கேன் மெஷினுக்குள் படுக்கவைத்து, மூளையைப் படமெடுத்து, இரு கூட்டத்துக்கும் எங்கே வித்தியாசம் என்று தேடுவது அவள் வேலை. நூறு தலைகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் அது மங்கலாகத் தெரியும். ஒரே ஒரு தலையை வைத்து எதுவும் சொல்ல முடியாது. இதை அப்பாவிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

அப்பா லாரி ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர். இன்ஜினைத் திறந்தால் பழுது கண்ணில் பட வேண்டும் அவருக்கு. அவள் தம்பிக்குக் காதில் யாரோ பேசுகிறார்கள், மாத்திரை சாப்பிட்டால் அடங்குகிறார்கள் என்பதெல்லாம் அவரைப் பொறுத்தவரை வேலைக்கு டிமிக்கி கொடுக்கிற நாடகம். ஒருநாள் மகனின் சாப்பாட்டுத் தட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு தீர்ப்பே சொல்லிவிட்டார்: படத்தில் கோளாறு தெரிந்தால் வீட்டில் இருக்கட்டும், தெரியாவிட்டால் நடையைக் கட்டட்டும்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முடியவே முடியாது என்றாள். ஆனால் தம்பியே நச்சரித்தான். ஆய்வுக்கு ஆள் போதவில்லை என்று பேராசிரியர் வேறு உறுமிக்கொண்டிருந்தார். ஆய்வுக்கு மட்டும்தான், தீர்ப்புக்கு இல்லை என்று அப்பாவிடம் கறாராகச் சொல்லிவிட்டு அழைத்துப் போனாள். அவரும் விடாமல் கூடவே வந்தார்.

தம்பியின் பெல்ட்டைக் கழற்றச் சொல்லி, காதை அடைத்து, தலை அசையாமல் இருபுறமும் ஸ்பாஞ்சைச் செருகி, பயந்தால் அமுக்கச் சொல்லி ரப்பர் குமிழைக் கையில் கொடுத்தாள். மெஷின் தடதடத்தது. அவன் கடைசிவரை அமுக்கவில்லை.

கட்டி, ரத்தக்கசிவு எதுவும் இல்லை என்று ஸ்கேன் டாக்டர் பார்த்துச் சொன்னபின், வெளிறிப்போய் வெளியே வருகிறவர்களிடம் அவள் வழக்கமாக ஒரு வாக்கியம் சொல்வாள். தம்பியும் அப்படித்தான் வெளிறிப்போய் நின்றான். யோசிப்பதற்குள் வாயில் வந்துவிட்டது.

"பயப்பட ஒண்ணும் இல்ல. மூளை நல்லா இருக்கு."

பெஞ்சிலிருந்து அப்பா எழுந்தார். கட்டி இல்லை என்றுதான் சொன்னேன், நோய் இல்லை என்று சொல்லவில்லை என்று அவள் கத்தினாள். வராந்தாவே திரும்பிப் பார்த்தது. அவர் அசரவில்லை.

"அப்ப இத்தனை வருஷமா நீ என்னத்ததான் படம் புடிக்கிற?"

அவரைத் தரதரவென்று இழுத்துப்போய் மெஷினுக்குள் தள்ளிக் கதவைச் சாத்த வேண்டும் போலிருந்தது அவளுக்கு. சாயங்காலத்துக்குள் பையன் பெட்டியோடு கிளம்பிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கிப் போனார்.

அவள் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள். தனியாக வீடு பார்க்கலாம், இரண்டு பேரும் போய்விடலாம், மாத்திரையை மட்டும் விட்டுவிடாதே என்றாள். அப்பா மேல் அவனுக்குக் கோபமே இருந்ததாகத் தெரியவில்லை. பல மாதங்களாக இல்லாத தெளிவு முகத்தில். பையிலிருந்த மாத்திரை அட்டையை எடுத்து அவள் கையில் வைத்தான்.

"மூளை நல்லா இருக்குன்னா, பேசுறவங்க நெசமாத்தான் பேசுறாங்க. நீதானேக்கா சொன்ன."