எஸ்தர் கழற்றிய அச்சரக்கூடு

மட்டக்களப்பில் யாராவது பாயை விரித்து, "இரிங்க சேர்" என்று உட்காரச் சொன்னால் நான் இப்போதும் நின்றபடியே பேசிவிட்டு நழுவிவிடுவேன். முதன்முதலாக இங்கே வந்தபோது, ரயிலில் எதிரே இருந்த யாழ்ப்பாணத்துக்காரர், "கவனம் தம்பி, மந்திரம் செய்து பாயோட ஒட்ட வச்சுப் போடுவினம்" என்று சொல்லி வைத்தார். வேடிக்கையா நிஜமா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. நான் பயந்தவன் என்பது திருநெல்வேலியில் எங்கள் தெரு நாய்களுக்கே தெரியும். அப்படிப்பட்டவனைத்தான், பிள்ளைகளுக்கு விசுவாசத்தில் தைரியம் ஊட்டு என்று இங்குள்ள வாலிபர் சங்கத்துக்கு அனுப்பினார்கள்.

பிள்ளைகள் வசனங்களை என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கர்த்தருக்கு. மற்ற ஆறு நாளும் பேய்க்கும் கண்ணூறுக்கும். உச்சிவேளையில் புளியமரத்தடி வழியாக ஒருவரும் போகமாட்டார்கள். "வேதத்தைப் படித்தால் போதாது. வாவியையும் வயலையும் இருட்டையும் வேதத்தின் கண்ணால் பார்க்கப் பழகவேண்டும்" என்று ஒரு கூட்டத்தில் பேசினேன். எனக்கே பிடித்த பேச்சு. அது முடிந்ததும் பதினாறு வயது எஸ்தர் எழுந்தாள்.

"அப்ப இது எதுக்கு சேர்?" என்று, கையில் கட்டியிருந்த அச்சரக்கூட்டை அவிழ்த்து என் உள்ளங்கையில் வைத்தாள். நாம் தாயத்து என்போமே, அதுதான். "யோசிச்சுச் செய்யம்மா" என்றேன். நான் பின்வாங்குகிறேன் என்பது அவளுக்குப் புரியவில்லை. "யோசிச்சிட்டன் சேர்" என்றாள், சந்தோஷமாக.

மூன்றாம் நாள் அவள் அப்பாவோடு தோணியில், கடல்போல் கிடக்கும் வாவியைக் கடந்து வட்டை என்கிற வயல்வெளிக்குப் போனாள்; அங்கே அவர்கள் வயலில் அறுவடை. பின்னேரம் காற்று எழும்பியது. மற்றத் தோணிகள் எல்லாம் வந்துவிட்டன, அவர்களுடையது வரவில்லை என்று கேள்விப்பட்டு நான் துறைக்கு ஓடினேன். எஸ்தரின் அம்மா தண்ணீரையே பார்த்தபடி நின்றார். சபையில் முன்வரிசையில் உட்காரும் பெண்மணி அவர்.

"சேர், அந்தக் கூடு எங்க?"

"என்கிட்டதான் இருக்கும்மா."

"சின்னதில இந்தத் தண்ணிக்குள்ள விழுந்து எடுத்த புள்ள. அதுக்குத்தான் கட்டின நான்."

அவர் ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஜெபம் பண்ணப் பார்த்தேன். "கர்த்தாவே" என்பதற்குமேல் ஒரு சொல் வரவில்லை. இந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆனால் இவர் முகத்தில் எப்படி விழிப்பேன், இனி யாருக்கு எந்த வசனத்தைச் சொல்வேன் என்றுதான் மனம் ஓடியது. அப்போது என் அம்மாவின் நினைவு வந்தது. எனக்கு அம்மை கண்டபோது, தலையணைக்கடியில் வேப்பிலையைச் செருகிவிட்டுத்தான் அவள் சங்கீதம் வாசித்தாள். இந்த ஊர்ப் பிள்ளைகளைத் திருத்த வந்தவன் அந்தத் தலையணையில் படுத்துப் பிழைத்தவன்தான்.

இருட்டும் நேரத்தில் தோணி வந்தது. அப்பாவுக்குப் பின்னால் எஸ்தர் தொப்பலாக நனைந்து இறங்கினாள். பல் அடித்துக்கொண்டிருந்தது.

"சரியாப் பயந்திட்டன் சேர். தோணிக்குள்ள வந்த தண்ணிய அள்ளி அள்ளி ஊத்திக்கிட்டேதான் ஜெபம் பண்ணின நான்."

பயத்தோடும் ஜெபிக்கலாம் என்று நான் எந்தக் கூட்டத்திலும் சொல்லிக்கொடுத்ததில்லை. அவள் என் கையைப் பார்த்தாள். அப்போதுதான் நானும் பார்த்தேன். அச்சரக்கூடு என் பிடிக்குள் இருந்தது. எப்போது சட்டைப்பையிலிருந்து எடுத்தேனோ, உள்ளங்கையில் தடம் விழும்படி இறுக்கியிருந்தேன். அவள் அம்மா அதை வாங்கக் கை நீட்டினார்.

"எனக்கு வேணாம்மா. சேருக்குப் பயமெண்டா அவரே வச்சிரிக்கட்டும்" என்றாள் எஸ்தர். அதில் கேலியே இல்லை. மழையில் போகிறவருக்குக் குடை கொடுப்பதுபோலச் சொன்னாள்.

போன மாதம் விடுமுறைக்கு நம் ஊருக்குப் போனபோது, சங்கத்தை அவளிடம்தான் ஒப்படைத்துவிட்டுப் போனேன். தலைமன்னாரில் ஏறிய கப்பல் நடுக்கடலில் ஆட ஆரம்பித்தது. பின்னால் அந்தப் பிள்ளைகள் இருக்கும் கரை மறைந்துவிட்டது. அம்மா காத்திருக்கும் தனுஷ்கோடிக் கரை இன்னும் தெரியவில்லை. ஒரு சட்டைப்பையில் புதிய ஏற்பாடு, மற்றதில் அச்சரக்கூடு. இரண்டையும் பிடித்துக்கொண்டு, "கர்த்தாவே, என்னைக் கரை சேர்த்தருளும்" என்று கண்ணை மூடினேன். எந்தக் கரை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.