இருளாயி பிறந்ததற்குச் சாட்சி

சாரதாதேவி 1966இல் கோலாலம்பூரில் அரசாங்கத் தொலைக்காட்சியில் சேர்ந்தார். ஏழாண்டுகள் கழித்து நான் அவருக்கு உதவியாளனாகப் போனேன். செய்திப்படங்களை வெட்டி ஒட்டுவது எங்கள் வேலை. பத்து நிமிடச் சுருள் ஒரு நிமிடமாகக் குறைய வேண்டும். அவர் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு இரண்டு தடவை ஓட்டிப் பார்ப்பார், பிறகு வெட்டுவார். வெட்டியதை மறுபடி ஒட்டி நான் பார்த்ததில்லை. அதிகம் பேச மாட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏனென்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் பேராவுக்குப் பஸ் ஏறிவிடுவார். பத்து காஜாவில் இருக்கும் பெற்றோரைப் பார்க்கத்தான் போகிறார் என்று நினைத்திருந்தேன். அது பாதிதான். ஞாயிறு காலை எட்டு மணிக்கெல்லாம் புந்தோங்கில் ஒரு கோயில் மண்டபத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். குடிமக்களுக்கு நீல அடையாள அட்டை; சிவப்பு அட்டை வைத்திருந்த சிவப்பு ஐசிக்காரர்களுக்குக் குடியுரிமை மனு எழுதிக் கொடுப்பார். இந்த நாட்டிலேயே பிறந்திருந்தும் அதற்கு அத்தாட்சி இல்லாமல், பெர்மிட் இருந்தால்தான் வேலை என்ற நிலையில் இருந்தவர்கள் அவர்கள்.

1979இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அந்த மண்டபத்தில் இருந்தேன். தெலுக் இந்தானில் என் வீட்டுக்குப் போகக் கிளம்பியவன், அவரையும் காரில் ஏற்றிக்கொண்டு அதைத் தாண்டி இங்கே வரை வந்திருந்தேன். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் மேசைக்கு வந்தார். பெயர் இருளாயி.

“எங்க பிறந்தீங்க?” என்று சாரதாதேவி கேட்டார்.

“கல்லுமலைத் தோட்டந்தாங்க. பால்மரம் வெட்டுனதும் அங்கதான், தாலி அறுத்ததும் அங்கதான். புள்ளைங்க மூணு பேருக்கும் நீல ஐசி. எனக்கு மட்டும் செவப்பு லா. தோட்டம் கைமாறிருச்சு, புது மொதலாளி பெர்மிட் கேக்குறான்.”

“பிறப்பு சூராட் இருக்கா, பதிஞ்ச பத்திரம்?”

“எழுதவே இல்லியாம். டிரஸர் ஐயாதான் வந்து பாத்தாரு, போலீஸ்ல எழுதிக்கிறேன்னு சொன்னாருன்னு எங்கம்மா சொல்லும்.”

“டிரஸர் பேரு?”

“இளையதம்பி ஐயா.”

சாரதாதேவி எழுதுவதை நிறுத்தினார். இளையதம்பி அவருடைய அப்பா. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, அந்த ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருடம் டிரஸராக இருந்தவர். பிரசவம் பார்த்து, பிறந்த பிள்ளைகளைப் போலீஸ் நிலையத்தில் பதிவதும் அவர் பொறுப்பு. சாரதாதேவியும் கல்லுமலையில் பிறந்தவர்தான். அவருடைய பிறப்பு மூன்றாம் நாளே பதிவாகியிருந்தது.

“அடுத்த ஞாயிறு வாங்க” என்று மட்டும் இருளாயியிடம் சொன்னார்.

அன்று மத்தியானமே பத்து காஜாவுக்குப் போனோம். இளையதம்பிக்கு அப்போது எழுபத்து மூன்று வயது. மகள் விஷயத்தைச் சொன்னதும் பத்திரிகையை மடித்து வைத்தார்.

“பொலிசுக்குப் பன்னிரண்டு மைல் சைக்கிள் மிதிக்க வேணும். மாசக் கடைசியிலை சேர்த்துக் குடுப்பம் எண்டு வைச்சிருப்பன். சிலது விட்டுப் போச்சு.”

“அவள் கல்லுமலையிலைதான் பிறந்தவள் எண்டு நீங்கள் சத்தியப் பிரமாணம் எழுதித் தரவேணும், அப்பா.”

“என்ரை பிழையை என்ரை கையாலையே எழுதிக் குடுக்கிறதோ? ஏலாது.”

“பிழைதானே அப்பா.”

கிழவர் எழுந்து உள்ளே போய்விட்டார். தேநீர் கொண்டுவந்த அம்மா அன்னபாக்கியம் தட்டை மேசையில் வைத்தார்.

“நான் எழுதித் தாறன். கலியாணம் முடிச்சு வந்து ஆறு மாசம். சுடுதண்ணி கொண்டுபோனது நான்தானே. தாய்க்காரி பேர் வீரம்மா. தலைப்பிள்ளை, கொடி சுத்திப் பிறந்தது.”

அம்மாவைக் கேட்க வேண்டும் என்று தனக்குத் தோன்றவே இல்லை என்று சாரதாதேவி திரும்பி வரும்போது காரில் சொன்னார். அதை இரண்டு தடவை சொன்னார்.

அடுத்த வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு அம்மாவையும் இருளாயியையும் அழைத்துப் போய்ச் சத்தியப் பிரமாணத்தை முடித்தார். மனு நகர மூன்று வருடம் ஆனது. அதற்குள் இருளாயிக்குத் தோட்டத்தில் வேலை போய்விட்டது. புந்தோங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தட்டு, மங்கு கழுவினார். 1982இல் நீல ஐசி வந்தது. அந்தக் கடையிலேயே சமையலுக்கு மாறினார்.

இருளாயி மனுப் போட்ட செய்தி பரவியதும் கல்லுமலையிலிருந்து மேலும் பதினொரு பேர் மேசைக்கு வந்திருந்தார்கள். அவர்களில் ஏழு பேர் பிறந்தது அன்னபாக்கியத்துக்கு நினைவிருந்தது. மற்ற நால்வர் பிறந்தபோது அவர் யாழ்ப்பாணம் போயிருந்தார். ஒரு ஞாயிறு மாலை இளையதம்பி தாமாகவே மகளிடம் வந்து, “அந்த நாலு பேரும் ஆர்?” என்று கேட்டார். பெயர்களைப் பார்த்தார். நான்கு தாளிலும் கையெழுத்திட்டார். பதிவு செய்யத் தவறியது நானே என்ற வரியை, யாரும் கேட்காமலே, நான்கிலும் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். அதன்பிறகு ஏறக்குறைய ஒரு வருடம் மகளோடு பேசவில்லை. மகளோ சனிக்கிழமை தவறாமல் வந்து, அதே வீட்டில் சாப்பிட்டுத் தூங்கிவிட்டுப் போனார். 1984இல் இளையதம்பி காலமானபோது இருவரும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். மன்னிப்பு என்று எதுவும் நடந்ததாக எனக்குத் தெரியாது.

வேலையிடத்தில் படச்சுருள் போய் வீடியோ நாடா வந்தது. மூத்தவர்கள் முணுமுணுத்தார்கள். சாரதாதேவி நாற்பத்து மூன்று வயதில் புது இயந்திரத்தை ஒரு மாதத்தில் பழகிக்கொண்டார். “நல்லதுதானே, தரையிலை குப்பை விழாது” என்றார்.

1987இல் புற்றுநோயால் இறந்தார். கடைசி இரண்டு மாதம் மட்டுமே புந்தோங்குக்குப் போகவில்லை. பத்து காஜாவில் நடந்த சாவுக்குத் தோட்டத்து ஆட்கள் இரண்டு லாரியில் வந்து இறங்கினார்கள். “இவை எல்லாம் ஆர்?” என்று உறவினர் ஒருவர் என்னைக் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் இருளாயி உள்ளே போய், அன்னபாக்கியத்தின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

மண்டபத்து மேசையை மங்களம் என்ற துணிக்கடைப் பெண் எடுத்துக்கொண்டார். சாரதாதேவியோடு இரண்டு வருடம் இருந்து வேலை பழகியவர். நானும் மூன்று ஞாயிறு போய் மனு எழுதினேன். நான்காவது ஞாயிறு மங்களம் தாளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். “கோவிச்சுக்காதீங்கண்ணே. ஒங்க கையெழுத்த ஆபீஸ்ல படிக்க முடியாது லா. நீங்க வரிசையப் பாத்துக்குங்க.”

வரிசையைப் பார்த்துக்கொண்டேன்.