வந்த பாதையில் திரும்பாதவர்

தொண்ணூறுகளில், நியூசிலாந்தின் ஆக்லாந்தில், ரானுயி புறநகருக்கு அப்பால் பண்ணைச் சாலைகளில் சனிக்கிழமை காலைகளில் என்னோடு ஓடியவர் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். ஒல்லியான உடம்பு, நரைத்த மீசை. வந்த பாதையில் திரும்பவே மாட்டார். எவ்வளவு சுற்றானாலும் வேறு பாதைதான். ஒரு சனிக்கிழமை மழை இருட்டிக்கொண்டு வந்ததால், நான்தான் அடம்பிடித்து வந்த பாதையிலேயே அவரைத் திருப்பினேன்.

போகும்போது வேலிக்குள் நின்று குரைத்த பண்ணை நாய், இப்போது வெளியே நின்றது. பாய்ந்து என் கெண்டைக்காலைக் கவ்வியது. அவர் ஒரு கல்லை எடுத்து அதன் தலையில் அடித்தார். அது செத்த பிறகும் அடித்துக்கொண்டே இருந்தார்.

"போதும் அண்ணே, விடுங்க."

பண்ணைக்காரர் துப்பாக்கியோடு ஓடி வந்தார். அதைக் கண்டதும் இவர் கல்லைப் போட்டு, மண்டியிட்டு, இரு கைகளையும் பிடரியில் கோர்த்துக்கொண்டார். பண்ணைக்காரரோ என் காலில் வழிந்த ரத்தத்தைப் பார்த்துவிட்டுத் துப்பாக்கியை வேலியில் சாய்த்தார், மன்னிப்புக் கேட்டார்.

"அவர் ஒண்ணும் பண்ண மாட்டார், எந்திரிங்க."

"பொறும் தம்பி. அவர் இன்னும் போகச் சொல்லேல்லை."

நான் பண்ணைக்காரரிடம் அதைச் சொன்னேன். அவர் குழம்பிப்போய், போகலாம் என்றார்.

இவர் எழுந்து, கையைப் புல்லில் துடைத்துவிட்டு, வேறு பாதையில் ஓடத் தொடங்கினார். நான் பின்னால் நொண்டிக்கொண்டே போனேன். அதற்குப் பிறகு ஒருநாளும் அவருக்கு நான் வழி சொன்னதில்லை.