அன்டெனாவும் குசினியில் கிடந்த ஸ்பேனரும்

நிகழ்ச்சி கொழும்பிலிருந்து வருகிறது, ஆகவே அன்டெனாவும் கொழும்பைத்தான் பார்க்க வேண்டும் என்று நம்பியிருந்தேன். ஐம்பதை நெருங்குகிறவன் நம்பக்கூடிய விஷயமா என்று கேட்காதீர்கள். நம்பினேன்.

மகளும் அவள் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ஆடிய கும்மி ஞாயிற்றுக்கிழமை காலை டிவியில் வருவதாக இருந்தது. ஒரே ஒரு தடவை. அந்த வாரம் பார்த்து, காற்று எங்கள் பழைய அன்டெனாவைப் பிய்த்துத் தேயிலைத் தோட்டத்துக்குள் போட்டுவிட்டது. "நீங்க பாப்பீங்கதானேப்பா?" என்று கேட்டாள். அம்மாவைப் பற்றி அவளுக்குச் சந்தேகமே இல்லை.

புதியது வாங்கப் பதுளை டவுனுக்குப் போனேன். கடை முதலாளி, "வீடு எந்தப் பக்கம்? நமுனுகுல மலை தெரியுதா?" என்று விசாரித்தார். அன்டெனா விற்கிறாரா, ஜாதகம் பார்க்கிறாரா என்று எனக்குச் சந்தேகம்.

"மலையெல்லாம் வேணாங்க. இருக்கறதுலயே பெரிசா ஒண்ணு குடுங்க."

"சின்னதே போதுங்க. மலையில இருக்க டவர்லருந்துதான் உங்களுக்கு வருது. அதப் பாத்துத் திருப்புங்க."

விற்கிறவரே சின்னதை வாங்கச் சொன்னால் அதில் ஏதோ சூது இருக்கிறது. பெரியதை வாங்கினேன். பசறை பஸ்ஸில் அதன் கம்பி ஒன்று ஒரு பெரியவரின் காதுக்குள் போய்விட்டு வந்தது.

எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, கூரை ஒன்றுதான். ஆனால் அவரவர் தகரம் அவரவருக்கு. அடுத்த வீட்டுக் காம்பராத் தகரத்தில் கால் வைத்து, பிறகு அது மழைக்கு ஒழுகினால், செத்த பிறகும் திட்டு வாங்க வேண்டியதுதான். ஞாயிறு காலை என் தகரத்தில் ஏறினேன். எனக்கு உயரம் என்றால் பயம் என்பது ஏறிய பிறகுதான் ஞாபகத்துக்கு வந்தது. மகள் மற்றப் பிள்ளைகளோடு டீச்சர் வீட்டில் பார்க்கப் போயிருந்தாள். எங்கள் காம்பராவில் லயமே உட்கார்ந்திருந்தது. வாசலில் என் மச்சினன் நின்று நிலவரம் சொன்னான்.

கொழும்புப் பக்கம் திருப்பினேன்.

"படம் இல்ல மச்சான். மழதான் பெய்யுது."

இன்னும் உயர்த்தினேன்.

"மழ கூடிருச்சு."

பனியில் கால் வழுக்கியது. அன்டெனாக் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "விழப்போறேன்டா" என்றேன்.

"விழுந்தா இந்தப் பக்கம் வேணாம். போஞ்சிக் கொடி போட்டிருக்கேன்."

என் பாரத்துக்குக் குழாய் என்னையும் இழுத்துக்கொண்டு சுழன்று, நமுனுகுலப் பக்கம் போய் நின்றது. உள்ளே ஒரே ஆரவாரம். படம் வந்துவிட்டது. ஆனால் நட்டு இன்னும் இறுக்கவில்லை. கையை விட்டால் படம் போகும், பின்னாலேயே நானும் போவேன்.

"ஸ்பேனர் குசினியில அடுப்புக்கிட்ட கிடக்கு. கொண்டாடா."

"இருங்க மச்சான், இப்பதான் தொடங்குது." உள்ளே போய்விட்டான்.

"என்னங்க, ஆடாம நில்லுங்க. படம் நடுங்குது." இது என் மனைவி.

தகரத்துக்குக் கீழே பாட்டும் கைதட்டலும் கேட்டன. அடுத்த காம்பரா அக்கா மட்டும் வெளியே வந்தார். கும்பிடப் போன தெய்வம் என்று நினைத்தேன்.

"அக்கா, அந்த ஸ்பேனர..."

"உங்க கால் என் தகரத்துல இருக்கு. மொதல்ல அத எடுங்க." எடுத்தேன். அவர் மிச்சத்தைப் பார்க்க உள்ளே போனார்.

விளம்பரம் வந்ததும் மச்சினன் ஸ்பேனரோடு வந்தான். "அப்புறமா போன்ல பாத்துக்கலாம் மச்சான்" என்று ஆறுதலும் சொன்னான்.

மத்தியானம் மகள் வந்தாள். "எப்பிடிப்பா இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு" என்றேன்.

"உங்கப்பா எங்க பாத்தாரு?" என்றான் மச்சினன். "கூரையில தொங்கிக்கிட்டு என் போஞ்சியத்தான் பாத்தாரு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் உடுப்பு மாற்ற உள்ளே போய்விட்டாள்.

அந்த நிகழ்ச்சியை யாரும் போனில் ஏற்றவில்லை. என் மகள் ஆடியதை லயத்தில் எல்லாரும் பார்த்தார்கள். நான் பார்க்கவில்லை.