ஏரியூர் மேட்டில் எடுத்த வீடியோ

அன்று மேட்டில் இருந்தவர்கள்: லோடு வண்டி ஓட்டுகிற நான். கடத்தூரில் செல்போன் கடை வைத்திருக்கும் பாய். பட்டறையில் வெல்டிங் வைக்கும் என் மச்சான். கீழே, பட்டுப்புழுக் கொட்டகையில், ஒரு அம்மா. அவர் யாரென்று அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது.

பாய்தான் இதை ஆரம்பித்தவர். அமெரிக்காவில் வெட்டவெளியில் சுழல்காற்றைக் காரில் துரத்திப் போகிறார்கள். அந்த வீடியோக்களைக் கடையில் உட்கார்ந்து பார்ப்பார். எங்களுக்கும் காட்டுவார். மேகத்திலிருந்து தும்பிக்கை மாதிரி இறங்கி ஒரு வீட்டையே தூக்கும். நான் ஏழாவதோடு நின்றவன். அதைப் பார்த்ததும் எனக்கும் ஆசை வந்துவிட்டது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

நம் பக்கம் அவ்வளவு பெரியது வராது. சித்திரையில் மத்தியானத்துக்கு மேல் இடிமேகம் கட்டும். சூறைக்காற்று அடிக்கும், ஆலங்கட்டி விழும். அது போதும் என்று துரத்தினோம். மூன்று கோடை. பாய் போனில் மேகப் படம் பார்த்து வழி சொல்வார். நான் ஓட்டுவேன்.

எங்களுக்குள் சட்டம் உண்டு. வண்டி ரோட்டைப் பார்த்து நிற்க வேண்டும். புளியமரத்தடியில் ஒதுங்கக் கூடாது. வீடியோ ஓடும்போது யாரும் வாய் திறக்கக் கூடாது. கடைசிச் சட்டம் மச்சானால் வந்தது. தொப்பூர் பக்கம் ஒரு நல்ல மின்னல் விழுந்தபோது "அய்யோ எங்காத்தா" என்று கத்திவிட்டான். பாய் யூடியூபில் போட்ட வீடியோவில் இடியைவிட அதுதான் பெரிதாகக் கேட்டது.

"மின்னலப் பத்தி ஒருத்தனும் கேக்கல. உங்காத்தா நல்லாருக்காங்களான்னு கேக்கறானுங்க" என்றார் பாய்.

போன வருடம் ஏரியூர் தாண்டி ஒரு மேட்டில் நின்றோம். மணி நாலு. மேகம் கறுத்து, அடிப்பக்கம் எருமை மடி மாதிரி தொங்கியது. அந்த மடி மெதுவாகச் சுற்றியது.

"பாய், சுத்துதுங்க."

"பேசாதய்யா. ஆன் பண்ணிட்டேன்."

மூன்று பேரும் வாயை மூடினோம்.

கீழே உழுத காட்டில் செம்மண் எழுந்து, தூணாகச் சுற்றிக்கொண்டு வந்தது. பனை உயரம். அது வந்த வழியில் ஒரு பட்டுப்புழுக் கொட்டகை. தகரக் கூரையின் ஒரு பக்கம் எழும்பி எழும்பி அடித்தது. அந்த அம்மா கூரையில் கட்டிய கயிற்றை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்திருந்தார். எங்களைப் பார்த்துவிட்டார்.

"அண்ணா! ஓடியாங்கண்ணா! ஒரு கை புடிங்க!"

இருநூறு அடி இருக்கும். இறக்கம்தான். ஓடியிருந்தால் முப்பது எண்ணுவதற்குள் போயிருக்கலாம். மச்சான் என்னைப் பார்த்தான். காலை எடுத்து வைத்தான். நான் உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன். அவன் நின்றுவிட்டான்.

பயம் இல்லை. மூன்று கோடையாகத் தேடியது கண்முன்னால் சுற்றியது. சத்தம் விழுந்தால் கெட்டுவிடும் என்று நினைத்தேன். அவ்வளவுதான். அவர் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்.

அந்த மண்தூண் கொட்டகை மேல் ஏறவில்லை. ஓரமாகத்தான் போனது. அதற்கே தகரம் பிய்ந்து பறந்தது. கயிறு அவர் உள்ளங்கையை அறுத்துக்கொண்டு போனது. பின்னாலேயே மழை.

அப்புறம்தான் ஓடினோம். தட்டுகள் சரிந்து, புழுவெல்லாம் சேற்றில் கிடந்தது. விரல் பருமன் புழு. இன்னும் நாலு நாளில் கூடு கட்ட வேண்டியது. நனைந்தால் தேறாது. அந்த அம்மா ரத்தம் ஒழுகும் கையோடு குனிந்து அள்ளிக்கொண்டிருந்தார். நானும் குனிந்தேன்.

"வுடுங்கண்ணா. போச்சு" என்றார். பிறகு பாய் கையிலிருந்த போனைப் பார்த்தார். "படம் நல்லா வந்துச்சுங்களா?"

திட்டியிருந்தால் தேவலை. பாய் போனைச் சட்டைப் பைக்குள் திணித்தார்.

என் துண்டால் கையைக் கட்டி, வண்டியில் பென்னாகரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். வீட்டுக்காரர் பெங்களூரில் கட்டட வேலை என்று சொன்னார். அடுத்த ஞாயிறு போய்க் கூரை போட்டுக் கொடுத்தோம். மச்சான் வெல்டிங் வைத்தான். அந்த அம்மா கட்டுப் போட்ட கையால் மோர் கொடுத்தார். குடித்தோம்.

பாய் அந்த வீடியோவை எங்கும் போடவில்லை. என் போனுக்கு அனுப்பிவிட்டு அவருடையதை அழித்துவிட்டார். "நீ வேணா வெச்சுக்க. என்னால பாக்க முடியல."

நான் ஒரு வருடம் திறக்கவில்லை. இந்தச் சித்திரையிலும் மேகம் கட்டியது. கிளம்பலாமா என்று யாரும் கேட்கவில்லை. அன்று வண்டியில் தனியாக உட்கார்ந்து போட்டுக் கேட்டேன். காற்று, தகரம், அவர் குரல். நாங்கள் மூன்று பேரும் மூச்சுக்கூட விடவில்லை. எத்தனை தடவை கூப்பிட்டார் என்று எண்ணினேன்.

ஒன்பது.