அழைப்புக்கார அக்கா

எங்கள் அக்கா கர்த்தருக்குள் இளைப்பாறச் சென்று ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தபந்தங்களுக்கும் சபையாருக்கும் தம்பி எழுதுவது. நான் அதிகம் படித்தவன் அல்ல. தறியில் உட்கார்ந்தபடி எழுத்துக் கூட்டிக் கற்றவன். அக்கா பேசியதையும், அக்காவைப் பற்றி ஜனங்கள் பேசியதையும்தான் எழுதத் தெரியும்.

அக்கா பிறந்தது முள்ளிப்பட்டில். வாழ்க்கைப்பட்டது ஆரணியில். அரிசி ஆலையில் வேலை பார்த்த மாமா காய்ச்சலில் இறந்தபோது, ஒரே மகன் தேவதாஸ் கைக்குழந்தை. பிறர் தறிக்கு ஊடை நூலைத் தாராகச் சுற்றிக் கொடுத்தே அவனை வளர்த்தார்.

எழுபதுகளில், யாரும் சொல்லாமலே அக்கா ஒரு வேலையை எடுத்துக்கொண்டார். சபை ஊழியத்துக்கு ஏற்ற மனது யாருக்கு இருக்கிறதென்று பார்த்து, வீட்டுக்கே போய்ப் பேசுவார். "நல்லா ஜெபம் பண்றவன நான் பாக்கறதில்ல. சாவு வூட்ல எல்லாரும் போன பின்னால பாத்திரம் கழுவிகினு நிக்கிறானே, அவனத்தான் பாப்பேன்" என்பார்.

அப்படித்தான் எங்கள் சபையைச் சேர்ந்த கிரேஸம்மா வீட்டுக்குப் போய், "உங்க பையனுக்கு அழைப்பு வந்திருக்குதுங்க" என்றார். அது கல்யாண மாதம். கிரேஸம்மாவின் கணவர், "யார் வூட்டு கல்யாணம்ங்க? பத்திரிகைய காணோமே" என்று கையை நீட்டினார்.

"இதுக்குப் பத்திரிகை அடிக்க மாட்டாங்கண்ணே. ஆண்டவர் கூப்புடறாரு. ஐயருக்குப் படிக்க அனுப்புங்க."

அன்று முதல் அவர் 'அழைப்புக்கார அக்கா' ஆனார். அந்தப் பையன் படித்து ஐயராகி, அதாவது போதகராகி, சபை நடத்தப் போனார்.

எல்லோரையும் போதகர் அங்கி போட வைக்கப் பார்த்தவரும் அல்லர். ஒரு பஸ் கண்டக்டர் வேலையை விட்டுவிட்டுப் படிக்கப் போவதாக வந்தபோது, "பஸ்ஸ வுட்டு எறங்காதீங்க. வயசானவங்க ஏறி உக்கார்ற வரைக்கும் விசில் ஊதாம நிக்கிறீங்களே, அது ஊழியம் இல்லியா? லீவு நாள்ல தேவிகாபுரத்துப் புள்ளைங்களுக்கு வேதம் சொல்லிக்குடுங்க" என்றார். அவர் இன்றும் சொல்லிக்கொடுக்கிறார்.

பிறகு ஒருநாள் தேவதாஸே, "அம்மா, நான் ஊழியத்துக்குப் போகட்டுமா?" என்று கேட்டான். அப்போது வீட்டில் தறி நெய்பவன் அவன் ஒருவன்தான். அக்கா ஜெபக்கூட்டத்துக்குப் போவதையே நிறுத்திவிட்டார். கிரேஸம்மா தேடி வந்தார்.

"என் புள்ளைய கேக்க சொல்லோ சிரிச்சிகினே கேட்டியே. இப்போ இன்னாத்துக்கு மூஞ்சிய தொங்கப் போட்டுகினு இருக்கே?"

"அன்னிக்கு நான் கேட்டது இன்னான்னு எனக்கே தெரியல கிரேஸு."

இருவரும் அழுதார்கள். அடுத்த ஞாயிறு அக்காவே எழுந்து நின்று, "இந்த வாட்டி ஆண்டவரு என் வூட்ல கேட்டுட்டாரு. குடுக்கறேன்" என்று சபையில் சொன்னார்.

தேவதாஸ் படித்துப் பட்டம் பெற்று, தூரத்து மலையடிவாரச் சபைக்குப் போனான். அக்கா மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிப் படுக்கையில் விழுந்தபோது, அவனுக்குத் தந்தி கொடுக்கக் கிளம்பினேன். "வாணாம். இது ஈஸ்டர் சமயம், ஜனம் காத்துகினு இருக்கும்" என்று தடுத்தார். ஆனால் தெருமுனையில் பஸ் நிற்கும் சத்தம் கேட்டபோதெல்லாம் முகத்தை வாசல் பக்கம் திருப்பினார். பொறுக்க முடியாமல் தந்தி கொடுத்தேன். அவன் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அடக்க ஆராதனைக்கு அங்கியை எடுத்த அவன் கையைக் கிரேஸம்மா பிடித்துக்கொண்டார். "இன்னிக்கு என் புள்ள போடட்டும். நீ அவ புள்ளயா மட்டும் நில்லுப்பா" என்றார்.

அன்று தறிகளை நிறுத்திவைத்த தெருவாருக்கும், பெட்டியைச் சுமந்தவர்களுக்கும், மருத்துவமனையில் பார்த்துக்கொண்டவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கிரேஸம்மாவுக்கு நேரில் போய்ச் சொன்னேன்.

"நன்றியெல்லாம் எதுக்கு தம்பி? உங்கக்கா கேக்கலன்னா என் புள்ள இங்கியே இருந்திருப்பான், தெனமும் மூஞ்சிய பாத்துகினு இருந்திருப்பேன்" என்றார். பிறகு, "ஆனா அவ கேட்டது சரிதான்" என்றார்.